வளாகச் சைக்கிள் பகிர்வு: இன்னும் நூறு சைக்கிள் வாங்குவதற்கு முன்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 150 சைக்கிள்களுடன் ஒரு பகிர்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அவற்றில் பாதி ஓட்டும் நிலையில் இல்லை. காலை வகுப்பு நேரத்தில் விடுதி வாசலில் ஒரு சைக்கிளும் கிடைப்பதில்லை. அதே சைக்கிள்கள் மதியம் வரை துறைக் கட்டடங்களின் முன்னால் வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன. நிர்வாகம் இன்னும் 100 சைக்கிள் வாங்கவும் செயலியைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்க முன்வந்திருக்கிறது. அந்தப் பணத்தை அப்படியே செலவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். அதில் ஒரு பகுதியை ஒரு முழுநேர மெக்கானிக்குக்கும், உதிரி பாகங்களுக்கும், நிறுத்துமிடங்களை மாற்றி அமைப்பதற்கும் ஒரு செமஸ்டர் செலவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தேவை இருந்தால் சைக்கிள் வாங்கலாம். இதே போன்ற ஒரு வளாகத் திட்டத்தின் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால், சொல்லப்போவதில் சொந்த அனுபவமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

அந்தக் குழுவில் நான் செய்த முதல் உருப்படியான வேலை, ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விடுதி நிறுத்துமிடத்துக்கு எதிரே இருந்த சிமெண்ட் திண்டில் போய் உட்கார்ந்துகொண்டதுதான். ஒரு மாணவர் வருவார். முன்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பின்டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போவார். நான்கைந்து சைக்கிள்களை இப்படிச் சோதித்தபின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குவார். செயலி அந்த நேரத்தில் அங்கே பதினொரு சைக்கிள்கள் 'தயார்' என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாக ஏறி ஓட்டிப் பார்த்ததில் நான்குதான் நம்பி ஏறக்கூடியவையாக இருந்தன. அதுவரை எங்கள் மாதாந்திர அறிக்கையில் பதிவுசெய்த பயனர்களின் எண்ணிக்கையும் வாங்கிய சைக்கிள்களின் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. அவை இரண்டும் இயல்பாகவே குறையாத எண்கள் என்பதால் அறிக்கை எப்போதும் நன்றாகவே இருந்தது. உங்கள் குழு முதலில் செய்யவேண்டியதும் இதுவே: வேலைநாள் ஒவ்வொன்றிலும் காலை எட்டரைக்கு, ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் ஓட்டக்கூடிய சைக்கிள் எத்தனை என்று ஒருவர் நேரில் எண்ணி எழுதவேண்டும். இரண்டு வாரம் எழுதினால் போதும். மற்ற முடிவுகளில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலான குழுக்கள் செய்யும் பிழை, அதை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு மறந்துவிடுவது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு சைக்கிள் ஓடும் இடத்தில் நாளொன்றுக்கு மூன்று மட்டும் பழுதாவதாக வைத்துக்கொள்வோம். பலர் கைமாறும் சைக்கிளுக்கு இது மிகையான கணக்கு அல்ல. வாரத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வருகிறார் என்றால், அவர் வருவதற்கு முந்தைய மாலையில் இருபத்தொரு சைக்கிள் முடங்கி நிற்கும். ஒரே நாளில் இருபத்தொன்றையும் அவரால் முடிக்க இயலாது. ஆறேழு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். அதற்கடுத்த வாரம் அது இன்னும் கூடும். அதோடு, முடங்கிய சைக்கிள்கள் நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால் நல்ல சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவருக்கு இடம் இருக்காது. மிச்சமுள்ள நல்ல சைக்கிள்கள் மீது சுமை கூடி அவையும் விரைவில் தேய்கின்றன. இரண்டு ஆண்டுகளில் பாதி போனது என்று நீங்கள் சொல்வது எனக்கு வியப்பளிக்கவில்லை. இந்தக் கணக்கின்படி பாதியாவது எஞ்சியிருப்பதே உங்கள் மாணவர்களின் பொறுப்புக்குச் சான்று. புதிதாக நூறு சைக்கிளை இதே ஏற்பாட்டுக்குள் இறக்கினால் அவையும் இதே வழியில் போகும்.

ஆகவே வளாகத்துக்குள்ளேயே ஒரு கொட்டகையும், தினமும் வரும் ஒரு மெக்கானிக்கும் வேண்டும். வளாக வாசலுக்கு வெளியே பல ஆண்டுகளாகப் பஞ்சர் கடை வைத்திருப்பவரை மாதச் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்வது, தொலைவில் உள்ள நிறுவனத்தின் 'சர்வீஸ் குழு'வை நம்பியிருப்பதைவிடப் பல மடங்கு நல்லது. பெரும்பாலான பழுதுகள் சிறியவை: சீமைக்கருவேல முள் ஏறிய டியூப், தேய்ந்த பிரேக் கட்டை, தளர்ந்த செயின், ஸ்போக் அறுந்து கோட்டம் விழுந்த சக்கரம், உடைந்த ஸ்டாண்டு, காணாமல்போன பெடல். அவரிடம் பாகங்கள் கையிருப்பில் இருந்தால் பெரும்பாலானவை அரை மணி நேர வேலை; ஒரு பிரேக் கட்டைக்காக விலைப்புள்ளி கேட்டு, கோப்பு நகர்ந்து, ஒப்புதல் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றால் அதுவே மூன்று வார வேலை. உதிரி பாகங்களுக்கென ஒரு சிறிய சில்லறைச் செலவு நிதியை நேரடியாகக் கொட்டகையின் பொறுப்பாளர் கையில் கொடுக்குமாறு நிதி அலுவலரிடம் வாதாடிப் பெறுங்கள். இந்தப் பதிலில் உள்ள ஆலோசனைகளில் மிகச் சலிப்பூட்டுவது இதுவாக இருக்கலாம். அதிகப் பலன் தந்ததும் எங்களுக்கு இதுதான்.

பழுதான சைக்கிள் எது என்பதை மெக்கானிக்குக்குத் தெரிவிக்க நாங்கள் முதலில் செயலியில் ஒரு படிவம் வைத்தோம். வகுப்புக்கு ஓடுகிறவர் யாரும் அதை நிரப்பவில்லை. பாரிஸ் நகரின் வெலிப் திட்டத்தைப் பயன்படுத்துவோரிடம் ஓர் எளிய வழக்கம் உண்டு: ஓடாத சைக்கிளின் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்து வருபவர் தூரத்திலிருந்தே புரிந்துகொள்வார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு சுற்று வரும் உதவியாளர், சீட்டு திரும்பியிருக்கும் சைக்கிள்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு வரட்டும். மறுநாள் காலைக்குள் அவை திரும்பவேண்டும் என்பது விதியாக இருக்கட்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பெரிய எண் ஒன்று மட்கார்டில் எழுதப்பட்டிருந்தால், ஒரே சைக்கிள் அடிக்கடி கொட்டகைக்கு வருகிறதா என்பதும் ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும்.

சைக்கிளின் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடையாத சைக்கிள் வேண்டும் என்ற ஆசையில் சீனாவின் மொபைக் நிறுவனம் 2016-ல் இறக்கிய முதல் வகையில் காற்றில்லாத டயரும் செயினுக்குப் பதிலாகப் பின்சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டும் இருந்தன. பஞ்சர் இல்லை, செயின் கழலவில்லை, ஆனால் எடை ஏறத்தாழ 25 கிலோ. மிதிப்பவர்கள் முணுமுணுத்ததால் பிறகு இலகுவான வகைகளைக் கொண்டுவர நேர்ந்தது. நம் ஊர்ச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் டியூப், டயர், பிரேக் கட்டை பொருந்தும் சாதாரணச் சைக்கிளே வளாகத்துக்கு ஏற்றது. வாங்குவது எதுவானாலும் ஒரே வகையாக வாங்குங்கள், அப்போதுதான் முற்றிலும் சிதைந்த ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டமுடியும். குறுக்குக் கம்பி இல்லாத சட்டம், செயின் முழுவதையும் மூடும் கவர், பின்சக்கரத்தில் துப்பட்டாவும் புடவையும் சிக்காமல் தடுக்கும் தடுப்பு, கையாலேயே ஏற்றி இறக்கக்கூடிய ஆனால் உருவி எடுத்துச் செல்லமுடியாத சீட்டு ஆகிய நான்கும் இல்லாத சைக்கிள், பெண்களில் பலரைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடும். எங்கள் குழுவில் தொடக்கத்தில் பெண்கள் ஒருவரும் இல்லை. முதல் கொள்முதல் குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளாக அமைந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி உங்கள் முக்கியமான குறைக்கு வருகிறேன்: காலை ஒன்பது மணி. இதைப் பகிர்வுச் சைக்கிளால் தீர்க்கமுடியாது என்பதை நிர்வாகத்திடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. விடுதியிலிருந்து வகுப்பறைக் கட்டடம் ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால், நடந்தால் பதினெட்டு நிமிடம், சைக்கிளில் ஏழெட்டு நிமிடம். எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையே 700 மாணவர் ஒரே திசையில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் எதிர்த்திசையில் வருபவர் எவரும் இல்லை. எனவே அந்த அரை மணி நேரத்தில் ஒரு சைக்கிள் ஒரேயொருவரைத்தான் கொண்டுசேர்க்கும். பிறகு மதிய உணவுவரை அது அங்கேயே நிற்கும். பலர் மாறி மாறி ஓட்டுவதால்தான் பகிர்வுக்கு மதிப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போகும் இடத்தில் அந்த மதிப்பு இல்லாமல் போகிறது. மினி டெம்போ ஒன்றில் இருபது சைக்கிள் ஏற்றித் திருப்பிக் கொண்டுவரலாம் என்பார்கள். ஏற்றி, ஓட்டி, இறக்கி வைப்பதற்குள் அரை மணியில் கூடிப்போனால் இரண்டு நடை. நாற்பது பேருக்குப் பயன். 700 பேருக்கும் ஈடுகொடுக்க வேண்டுமென்றால் 700 சைக்கிள் வாங்கவேண்டும். அதைவிட ஆளுக்கொரு சைக்கிளைக் கொடுத்துவிடலாம்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தினமும் ஒரே பாதையில் போய்வரும் விடுதி மாணவருக்கு வேண்டியது அவர் பெயரிலேயே இருக்கும் ஒரு சைக்கிள். பகிர்வுச் சைக்கிள் அல்ல. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 2014-ல் மாணவர்கள் தொடங்கிய ஸ்வாப்ஃபீட்ஸ் என்ற நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. மாதக் கட்டணம் கட்டினால் நீலநிற முன்டயர் வைத்த ஒரு சைக்கிள் உங்கள் வசமே இருக்கும். பழுதானால் சரிசெய்து தருவார்கள், இல்லையேல் வேறொன்றை மாற்றித் தருவார்கள். உங்கள் 150 சைக்கிள்களில் ஒரு பகுதியைச் செமஸ்டர் வாடகைக்கு விடுங்கள். அதோடு, எந்த வளாகத்திலும் ஆண்டுதோறும் படிப்பை முடித்துப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் சைக்கிள்கள் விடுதிகளின் பின்புறம் கொடி படர்ந்து கிடக்கும். அறிவிப்பு ஒட்டி, உரிய காலம் காத்திருந்து, உரிமை கோரப்படாதவற்றை எடுத்துக் கொட்டகையில் சரிசெய்தால் செமஸ்டர் வாடகைக்கான சைக்கிள்கள் ஏறக்குறைய உதிரி பாகச் செலவிலேயே கிடைத்துவிடும். இது நடந்தால், காலைக் கூட்டத்தின் சுமை பகிர்வுச் சைக்கிள்களின் தலையிலிருந்து இறங்கும்.

அப்படியானால் பகிர்வுச் சைக்கிள் யாருக்கு? பேருந்திலிருந்து பிரதான வாசலில் இறங்கும் நாள் மாணவருக்கும் ஊழியருக்கும். இரண்டு வகுப்புகளுக்கு இடையே ஆய்வகத்திலிருந்து நூலகம் போகவேண்டியவருக்கும். இரவு மெஸ்ஸிலிருந்து விளையாட்டுத் திடலுக்குப் போகிறவருக்கும். சொந்தச் சைக்கிள் பஞ்சராகிக் கிடக்கும் நாளில் விடுதி மாணவருக்கும். இந்தப் பயணங்கள் நாள் முழுவதும் பரவி, எல்லாத் திசைகளிலும் போகும். ஐடிடிபி என்ற போக்குவரத்து அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி, நன்றாக நடக்கும் திட்டத்தில் ஒரு சைக்கிள் நாளொன்றுக்கு நான்கு முதல் எட்டு முறை பயன்படவேண்டும் என்கிறது. அது நகரங்களுக்காகச் சொன்னது. வளாகத்தில் நான்கை எட்டினாலே நிறைவுகொள்ளலாம். நாளுக்கு ஒன்றுக்குக் கீழே போனால் சைக்கிள் கூடுதலாக இருக்கிறது, அல்லது தவறான இடத்தில் இருக்கிறது.

நிறுத்துமிடங்களைப் பொறுத்தவரை அதே வழிகாட்டி சதுர கிலோமீட்டருக்குப் பத்து முதல் பதினாறு நிறுத்துமிடங்களையும், அவற்றுக்குள் ஒற்றைச் சைக்கிள் நிற்கும் இடங்கள், திட்டத்தின் சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை வீதம் இருப்பதையும் பரிந்துரைக்கிறது. இரண்டாவது எண்ணைத்தான் நம் வளாகங்கள் மறக்கின்றன: 100 சைக்கிளுக்கு 100 இடம் என்று கட்டினால், கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும் நிரம்பிய நிறுத்துமிடமே காத்திருக்கும். பெரிய நிறுத்துமிடம் நான்கைவிடச் சிறியவை பன்னிரண்டு இருப்பது நல்லது. சைக்கிளை எடுக்கவே ஐந்து நிமிடம் நடக்கவேண்டும் என்றால் மிச்சத்தையும் நடந்தே போய்விடுவார்கள். திறப்பு விழாவுக்கு வசதியாக நிர்வாகக் கட்டடத்தின் முன் அமைந்த நிறுத்துமிடம் உங்களிடமும் ஒன்று இருந்தால், அங்கே எத்தனை பேர் சைக்கிள் எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதைப் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே மாற்றுங்கள். கூரை அவசியம். சித்திரை வெயிலில் நின்ற சைக்கிளின் சீட்டில் யாரும் உட்காரமுடியாது, டியூபும் தாங்காது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த செயின் இரண்டே வாரத்தில் துருப்பிடித்துச் சத்தமிடும்.

பகல் நேரத்தில் சைக்கிள்கள் ஒரு பக்கமாகக் குவிவதைக் குறைக்க, வண்டியில் ஏற்றிச் செல்வதைவிட மாணவர்களையே ஓட்டிவரச் செய்வது மலிவு. நியூயார்க்கின் சிட்டி பைக், வெறுமையான நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவருபவர்களுக்குப் புள்ளிகள் தருகிறது. பாரிஸில் மேட்டுப்பகுதி நிறுத்தங்களில் கொண்டுபோய் விடுபவர்களுக்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. உங்கள் திட்டம் இலவசம் என்றால் நிமிடங்களைப் பரிசாகத் தருவதில் பொருளில்லை. கேண்டீனில் ஒரு தேநீர்ச் சீட்டு கொடுத்துப் பாருங்கள். நாங்கள் அதைச் செய்த மாதத்தில், ஒருவர் ஒரே சைக்கிளை அங்குமிங்கும் ஓட்டி நாளுக்கு ஆறு தேநீர் குடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; ஆளுக்கு நாளுக்கு ஒன்று என்ற வரம்பு வையுங்கள்.

திருட்டையும் பதுக்கலையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். பூட்டில்லாத பொதுச் சைக்கிள் என்ற எண்ணம் 1965-ல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்ற இளைஞர் எதிர்ப்பு இயக்கத்தினர் வெள்ளை வண்ணம் பூசித் தெருவில் விட்ட சைக்கிள்களிலிருந்து தொடங்குகிறது; பூட்டாத சைக்கிள் சட்டப்படி குற்றம் என்று சொல்லிக் காவல்துறை அவற்றை அள்ளிச் சென்றது. பூட்டில்லாத சைக்கிள்களை இந்த நூற்றாண்டிலும் கூகுள் தன் மவுண்டன் வியூ வளாகத்தில் வைத்திருந்தது: ஏறத்தாழ 1,100 சைக்கிள்களில் வாரத்துக்கு 100 முதல் 250 வரை காணாமல்போவதாக 2018-ல் செய்தி வந்தது, மீட்டுவர முப்பது பேரையும் ஐந்து வேன்களையும் அமர்த்தியிருந்தார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் 1996-லேயே வேறு வழி கண்டது: காந்தப்பட்டை கொண்ட அட்டையைக் காட்டித்தான் சைக்கிளை எடுக்கமுடியும், எனவே எடுத்தவர் யார் என்பது தெரியும். வளாகத்துக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான்; பயனர் ஒவ்வொருவரும் அடையாள அட்டை வைத்திருப்பவர்.

பதுக்கல் வேறு வகை. தேர்வு நேரத்தில் எங்கள் விடுதி ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, சொந்தச் சங்கிலி போட்டுப் பூட்டிய பகிர்வுச் சைக்கிள்கள் மூன்றைக் கண்டெடுத்தோம். செய்தவர்கள் திருடர்கள் அல்லர்; மறுநாள் காலை சைக்கிள் கிடைக்காது என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள். செமஸ்டர் வாடகை வந்ததும் இது பெரும்பாலும் நின்றுபோயிற்று. மிச்சத்துக்கு, எடுத்த சைக்கிளை நான்கு மணி நேரத்தில் திரும்ப விடாவிட்டால் சிறு கட்டணம் என்று வைத்து, அதைப் படிப்பு முடியும்போது வாங்கும் 'நோ டியூஸ்' படிவத்தோடு இணைத்துவிடுங்கள்.

தனியாக முன்பணம் வாங்காதீர்கள்; சேரும்போது கட்டிய காஷன் டெபாசிட் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014-ல் தொடங்கிய ஓஃபோ, வளாகத்து மாணவர்களின் சைக்கிள்களையே பொதுவாக்கிப் பகிரும் அழகான யோசனையோடு பிறந்தது. முதலீடு குவிந்து நகரங்களுக்குப் பரவியபின் ஒவ்வொரு பயனரிடமும் 99 யுவான், பிறகு 199 யுவான் என்று முன்பணம் வாங்கியது; 2018 டிசம்பரில் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இணைய வரிசையில் காத்திருந்தார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கு வந்த ஓஃபோவின் மஞ்சள் சைக்கிள்களும் சில மாதங்களிலேயே விடைபெற்றன. ஓஃபோவின் தொடக்ககாலப் பூட்டு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொண்டது. ஒருமுறை எண்ணைத் தெரிந்துகொண்டவர் பிறகு இலவசமாகவே ஓட்டினார். உங்கள் ஒப்பந்ததாரர் மலிவான எண் பூட்டைக் காட்டினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

செயலியைப் புதுப்பிப்பது கடைசியில் வரட்டும். மைசூருவில் 2017-ல் தொடங்கிய டிரின் டிரின் என்ற சைக்கிள் பகிர்வுத் திட்டத்தில் அட்டையைக் காட்டியே சைக்கிளை எடுக்கமுடிந்தது. உங்கள் மாணவர் அட்டையே பூட்டைத் திறக்குமானால், கைப்பேசியில் சார்ஜ் இல்லாதவரும் தோட்டப் பணியாளரும் திட்டத்துக்குள் வருவார்கள். வெளி நிறுவனம் நடத்துவதாக இருந்தால், வாங்கி வைத்த சைக்கிளுக்கு அல்லாமல், காலை எட்டரைக்கு ஓட்டக்கூடியதாக நின்ற சைக்கிளுக்கு மட்டுமே பணம் என்று டெண்டரில் எழுதுங்கள். எண்ணுவதும் பல்கலைக்கழகத்தின் ஆளாக இருக்கவேண்டும்.

கோடை விடுமுறையில் எல்லாச் சைக்கிள்களையும் உள்ளே கொண்டுவந்து, தாங்கு குண்டுகளுக்குக் கிரீஸ் இட்டு, கோட்டம் எடுத்து, டியூபுகளை மாற்றி, ஜூனில் வெளியே விடுங்கள். அடுத்த செமஸ்டரில் வாடகைச் சைக்கிளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, பகிர்வுச் சைக்கிள் ஒவ்வொன்றும் நாளுக்கு நான்கு முறைக்கு மேல் ஓடி, எட்டரை மணிக் கணக்கில் பத்துக்கு ஒன்பது நல்ல நிலையில் நின்றால், அப்போது வாங்கலாம். நூறு வேண்டாம், முப்பதும் அவற்றுக்கான ஓராண்டு உதிரி பாகங்களும் போதும்.